அடுத்த மாதத் தேவை: பூஜ்யம்

எழுபதுகளின் நடுவில், தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த ஒரு டீசல் எஞ்சின் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் டிப்போவில் கவுண்ட்டர் கிளார்க்காக இருந்தேன். எல்லாம் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் எஞ்சின்கள். செங்கல்பட்டு வரைக்கும் இருந்த தோட்டக்காரர்கள் உதிரிபாகம் வேண்டுமென்றால் எங்களிடம்தான் வர வேண்டும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கவுண்ட்டரில் உட்காருகிறவளுக்கு அது ஆகாது என்று, ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா ஓதிக்கொண்டே வருவாள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்தில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டிப்போவில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. மாதம் பிறந்தால், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலமான தாள்கட்டு ஒன்று வேனில் வந்து இறங்கும். எந்தச் சாமான் அடுத்த மாதம் எத்தனை தேவைப்படும் என்று அதில் அச்சாகியிருக்கும். அதற்கு முன்னால் மானேஜரும் நானுமாக ரேக்கைப் பார்த்து, மழையைப் பார்த்து, போன வருஷ ஞாபகத்தை வைத்து அதைச் சொல்வோம். பல தடவை சொதப்பியும் இருக்கிறோம். அதனால் மிஷின் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பெல்ட்டும் பிஸ்டன் ரிங்கும் கிட்டத்தட்ட அது சொன்னபடியே விற்றன. மானேஜர் அந்தத் தாளைப் பிரிக்கும்போது மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் பிரிப்பார்.

வினை நாசிலில் வந்தது. நாசில் என்பது விரல் நீளச் சாமான். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது அதுதான்; அது கெட்டுப்போனால் எஞ்சின் வெறும் இரும்பு. பழைய மாடலுக்கான நாசில் செய்கிற தொழிற்சாலையில் ஸ்டிரைக். பல மாதம் எங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை.

அந்த நாசிலைக் கேட்டுத்தான் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு அக்கா வந்தார். புருஷன் இல்லாதவர். ஏரிக்கரையைத் தாண்டிக் குத்தகை நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தார். கெட்டுப்போன நாசிலைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கவுண்ட்டரில் அவிழ்த்தார்.

"இத்தப் போல ஒண்ணு குடும்மா. செடியெல்லாம் வாடிக்கினு கீது."

"ஸ்டாக் இல்லைக்கா. அடுத்த வாரம் வந்து பாருங்க."

எங்கள் வழக்கம் அது. விற்றால் பில் போடுவோம். இல்லையென்றால் வாயால் சொல்லி அனுப்புவோம், அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பில்லின் நகல் மட்டும்தான் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அதை அட்டையில் ஓட்டையாகக் குத்தி மிஷினுக்குக் கொடுப்பார்கள்.

அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். நடுவில் வெளிக்கடையில் வேறு கம்பெனி நாசில் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். எஞ்சின் கரும்புகையாகக் கக்கி நின்றுவிட்டது. பக்கத்துக் கிணற்றில் கெஞ்சிக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவதாகச் சொன்னார். ஒரு தோட்டம் முழுக்கக் குடத்தால் எத்தனை நாள் ஊற்ற முடியும்? கடைசியாக வந்தபோது நான் இல்லை என்று தலையாட்டியதும், துணியை முடிந்துகொண்டு போனார்.

ஸ்டிரைக் முடிந்தது என்று தெரிந்ததும் புதுத் தாளை ஆவலோடு புரட்டினேன். பழைய மாடல் நாசில், அடுத்த மாதத் தேவை: பூஜ்யம்.

"சார், இது தப்பு" என்றேன் மானேஜரிடம்.

"எப்படிம்மா தப்பாகும்? ஆறு மாசமா ஒண்ணுகூட போகலையே. ஆவரேஜ் போட்டா ஜீரோதானே வரும்?"

"சரக்கு இருந்தாத்தானே சார் போகும்? வந்தவங்களை எல்லாம் நான்தானே திருப்பி அனுப்பினேன்?"

"அது மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்!"

என் சத்தத்தில் குடோனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மானேஜர் கெட்டவர் இல்லை. தாளில் இல்லாததை ஆர்டர் போட்டுச் சரக்கு தேங்கினால் அவர் தலைதான் உருளும். ஆனாலும் நான் விடவில்லை. விற்றதை மட்டும் எண்ணினால் போதாது, கேட்டுக் கிடைக்காமல் போனதையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று நாளெல்லாம் நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல் கடைசியில் தன் பொறுப்பிலேயே ஐந்து நாசிலுக்கு ஆர்டர் போட்டார். இல்லை என்று சொல்லும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதிப் போடவும் சம்மதித்தார்.

ஆனால் அந்த நாசிலுக்கு ஒரு சீட்டுகூட விழவில்லை. அந்த அக்கா வருவதை நிறுத்தியிருந்தார். பழைய மாடல் வைத்திருந்த மற்றவர்களும் அப்படித்தான். இல்லை என்ற பதிலை வாங்கிப் போக யார் மறுபடி மறுபடி ரயிலேறி வருவார்கள்?

சரக்கு வந்த வாரமே, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், ஒரு நாசிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் விசாரித்ததில் ஒரு நெல் வயலைக் காட்டினார்கள். யாருடைய வயலோ. அதில் அந்த அக்கா ஏழெட்டுப் பெண்களோடு குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து வரப்புக்கு ஏறி வந்தார்.

"அக்கா, நாசில் வந்துடுச்சு."

சேற்றுக் கையை நீட்டாமலே அதைப் பார்த்தார்.

"இப்ப இன்னாத்துக்கும்மா? எஞ்சினை எடைக்குப் போட்டாச்சு. நெலத்தையும் வுட்டாச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில்ல இம்மாந்தூரம் வந்துகீறியே, தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

வரப்பிலிருந்த செம்பை எடுத்துக் கொடுத்தார்.  வாங்கி முழுக்கக் குடித்தேன்.

வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது, நான் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததையும் சேர்த்து ஐந்து நாசிலும் அப்படியே ரேக்கில் இருந்தன. மானேஜர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, ஒண்ணாவது போச்சா? மிஷின் அப்பவே கரெக்டாத்தான் சொல்லியிருக்கு."

அவர் குத்திக்காட்டவில்லை. நான் வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறேன் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி ரேக்கில் வைத்தேன். கேட்டு வந்தவர்களை ஒரு சீட்டுகூட எழுதாமல் நாங்கள் திருப்பி அனுப்பினோம்; மிஷின் தேவையே இல்லை என்றது. நாசில் கிடைக்காமல் எஞ்சின்கள் எடைக்குப் போயின. எஞ்சின்கள் போனபின் உண்மையிலேயே யாருக்கும் அது தேவையில்லை. மிஷின் சொன்னதை நாங்களேதான் உண்மையாக்கிக் கொடுத்தோம்.