அக்ரிஜெந்தோவுக்கு ஒரு நாள்

பிரிண்டரிலிருந்து வந்து விழும் தாளின் அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது. பெப்ரவரி மாதம், இந்தத் தென்கண்டத்தில் கடும் கோடை. கிரவீனில் எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றியும் வேர்த்துக் கொட்டுகிறது. நான் குசினி மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி, பச்சை, மஞ்சள் என்று கலர் அடித்துக்கொண்டிருக்கிறேன்...

கொரோனாவுக்குச் சற்று முந்தின நாட்கள். ஏப்ரலில் ஐரோப்பா போவதாக இருந்தோம், நானும் கணவரும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள். எங்கள் ஆட்கள் ஐரோப்பா போவது எப்படியென்று உங்களுக்குத் தெரியாததா? லண்டனில் மாமி வீடு, பாரிஸில் சித்தப்பா வீடு, சூரிச்சில் மச்சாள் வீடு. ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுச் சாப்பாட்டுக்கு ஓடவேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் வந்தால், பத்து வருஷத்துக்கு அந்தக் கதை நிற்கும்.

அதனால் ஒரேயொரு நாளை எனக்கென்று ஒளித்து வைத்தேன்.

இத்தாலியில், சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தில் என் அண்ணா இருக்கிறார். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் போனால் அக்ரிஜெந்தோ. மேட்டில் வரிசையாகக் கிரேக்கக் கோயில்கள். பக்கத்திலேயே ரோமர் காலத்து வீடுகளின் அத்திவாரங்கள். உயர்தர வகுப்பில் நான் கிரேக்க உரோம நாகரிகம் படித்தவள். எங்கள் நோட்ஸில் ஒரு படம்கூட இல்லை. ரீச்சர் கரும்பலகையில் கீறிய தூணை நம்பித்தான் சோதனை எழுதினேன். அப்படியொரு தூணை நேரில் ஒருக்கால் பார்த்துவிடவேண்டும்... ஆசை அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு நான் போட்ட அமர்க்களம் கொஞ்சநஞ்சமில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே லப்டொப்பைத் திறந்துவிடுவேன். முதல் பஸ்ஸா, இரண்டாவது பஸ்ஸா? முதலில் கிரேக்கரா, ரோமரா? மத்தியான வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது? கோயிலுக்கு நாற்பது நிமிஷம், சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். இரண்டு நாளுக்கு ஒருக்கால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பவும் போடுவேன். இருப்புக் கொள்ளாது எனக்கு.

"உமக்கு இஞ்ச கிடக்கிற ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போறதெண்டாலே ரைம்டேபிள் வேணும். கொஞ்சம் ஆறுதலா இருமப்பா," என்பார் கணவர், தன் கதிரையை விட்டு எழும்பாமலே.

எனக்குப் பின்னேரம் என்றால் அண்ணாவுக்குக் காலை. அவர் வேலைக்குப் போகும் வழியில் போனில் பிடித்துவிடுவேன்.

"அண்ணா, அந்த பஸ் ஸ்ராண்ட் உங்கட வீட்டில இருந்து நடக்கிற தூரமோ?"

"ஓம், கிட்டத்தான்."

"பஸ் நேரத்துக்கு வெளிக்கிடுமோ?"

"கேட்டுச் சொல்லுறன் பிள்ளை."

நாங்கள் நேரில் கண்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. சுகமா இருக்கிறியளோ என்று ஆறுதலாக ஒருநாள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஏழாவது தடவை மாற்றிய எக்செல் தாளை, இதுதான் கடைசி என்று எழுதி, போகிற வீட்டுக்காரர் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அண்ணாவுக்கும்.

அடுத்த நாள் அவரே போன் எடுத்தார்.

"உன்ர பேப்பர் பாத்தனான் பிள்ளை. வடிவாச் செய்திருக்கிறாய்..." கொஞ்சம் நிறுத்தினார். "என்ர பேர் 'தங்குமிடம்' எண்ட இடத்தில மட்டும்தான் கிடக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். பலேர்மோ, நான்கு நாள். தங்குமிடம்: அண்ணா வீடு. முதல் நாள் சந்தை, இரண்டாம் நாள் கடற்கரை, மூன்றாம் நாள் அக்ரிஜெந்தோ, நான்காம் நாள் பெட்டி அடுக்குதல். போகிறவர்கள் என்ற இடத்தில் நான்கு நாளும் இரண்டு பேர்.

மாமிக்கு மத்தியானம், சித்தப்பாவுக்கு இரவு என்று ஆளுக்கொரு நேரம் வைத்திருந்தேன், கோபிப்பார்கள் என்ற பயத்தில். அண்ணா கோபிக்கமாட்டார். அதனால் அவருக்கு ஒரு நேரமும் வைக்கவில்லை.

"இல்லை அண்ணா... உங்களுக்கு வேலை இருக்குமெண்டு... அந்தக் கோயிலெல்லாம் நீங்கள் எப்பவோ பாத்திருப்பியள் எண்டும்..."

"நாலு நாளும் லீவு சொல்லிப்போட்டன். நான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற கிழவருக்கு வேற ஆளும் பிடிச்சுக் குடுத்திட்டன். கோயில் நான் பாக்கேல்லைப் பிள்ளை. இவ்வளவு காலமும் ஆரோட போறது?"

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன். வெட்கத்தில்தான். அன்றைக்கே அண்ணாவுக்கென்று மூன்றாவது பஸ் ரிக்கெற்றையும் எடுத்தேன். சாப்பாட்டுக்குப் போட்டிருந்த இருபது நிமிஷத்தை ஒரு மணித்தியாலமாக்கினேன், பிறகு இரண்டாக்கினேன். ரோமரை முழுதாக வெட்டிவிட்டேன். அண்ணாவும் கனநாளைக்குப் பிறகு உசாராகி, என்ன உடுப்புப் போடுவது, வெயிலுக்குத் தொப்பி வேணுமோ என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார்.

மார்ச்சில் எல்லைகளை மூடினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று. என் வேலை மாறியது, கணவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை, அது இது என்று நாள் ஓடிவிட்டது. இந்த செப்ரெம்பரில்தான் மறுபடியும் வெளிக்கிடுகிறோம். இப்போது தாளும் இல்லை, கலரும் இல்லை. மகள் போனில் ஏஐக்கு ஒரு வரி எழுதுகிறாள், அரை நிமிஷத்தில் முழுநாள் திட்டமும் வந்து நிற்கிறது. "சிம்பிள் அம்மா, சில் பண்ணுங்கோ," என்கிறாள். எல்லா நேரமும் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

அண்ணாவின் முழங்கால் இரண்டும் இப்போது சரியில்லை. மேடு ஏறக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டாராம். போன கிழமை சொன்னார்: "நான் கட்டாயம் வாறன் பிள்ளை. கேற்றடியில ஆக்கள் இருக்கிற மர வாங்கு ஒண்டு கிடக்காம், அதில இருக்கிறன். நீ மேல போய் ஆறுதலாப் பாத்திட்டு வா."

எனக்கு இப்பவும் இருப்புக் கொள்ளவில்லை.

"அந்த வாங்கில ரெண்டு பேர் இருக்கலாமோ அண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.