ஸ்கேனர் அக்கா துண்டித்த அழைப்பு

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. "ஸ்கேனர் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இயந்திரத்தில் வைக்கும் முன்பே காகிதம் அசலா போலியா என்று சொல்லிவிடுவாள். அதனால் வந்த பட்டம் அது. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் நாளைக்கு நூறு கடிதமாவது அவள் கை வழியாகப் போகிறது. எந்த அலுவலகம் எப்படி எழுதும், எப்படிப் பேசும் என்பது அவளுக்கு அத்துப்படி. தெருவில் யாருக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலும் முதலில் அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

கடையின் பின்பக்கத்தில் லேமினேஷன் மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அண்ணன். தங்கை போனைக் கையில் வாங்கினால் போதும், அவர் தன் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்.

போன மாதம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் காதில் வைத்த போனோடு வியர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் பெயருக்கு வந்த பார்சலில் தடை செய்த பொருள் இருக்கிறதாம். போனை வைத்தால் கைதாம். அவள் வாங்கிப் பேசினாள்.

"சொல்லுங்க சார், எந்த ஆபீஸ்?"

"நீ யாரும்மா நடுவுல? லைனைக் கட் பண்ணினா அடுத்த நிமிஷம் போலீஸ் வாசல்ல நிக்கும்!"

"நிக்கட்டும் சார், கடை திறந்துதான் இருக்கு. வர்றப்ப அந்தக் கைது ஆர்டரைக் கொண்டு வரச் சொல்லுங்க. ரெண்டு ஜெராக்ஸ் சும்மாவே போட்டுத் தர்றேன்."

எதிர்முனையில் லைனைக் கட் பண்ணிவிட்டார்கள். மாஸ்டர் விடவில்லை. "என் பேரு, அட்ரஸ் எல்லாம் கரெக்டா சொன்னான்மா!"

"ஏன் சொல்லமாட்டான்? உங்க கார் முதுகுல அத்தனையும் கொட்டை எழுத்துல எழுதி ஊரைச் சுத்துறீங்களே மாஸ்டர்!"

பின்பக்கத்தில் அண்ணன் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

அவள் வைத்திருந்த விதி சின்னது. அவசரப்படுத்துகிறவனிடம் பேச்சை வளர்க்காதே, வைத்துவிடு. பிறகு உன் கையில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தில் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ, அந்த எண்ணுக்கு நீயே கூப்பிட்டுக் கேள்.

அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அளவுகோலின் கோடுகள் மங்கிப்போய், கைப்பழக்கத்தில்தான் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். கண் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து எட்டு மாதம் ஆகிறது. இடம் காலியானால் அழைப்போம் என்று ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த அழைப்பு எப்போது வரும் என்பதே வீட்டில் தினமும் பேச்சு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணனின் போன் அடித்தது. தெரியாத எண். அவள் எடுத்தாள்.

"கண் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு ஒரு இடம் காலியாயிருக்கு. பேஷண்டோட பிறந்த தேதி, அட்ரஸ் சொல்லுங்க. சீக்கிரம்மா, பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லலைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"போகட்டும்," என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் மேசையை விட்டு எழுந்து வந்தார். "பாப்பா, ஒருவேளை நிஜமா இருந்தா?"

"இருந்தா சந்தோஷம். அந்தச் சீட்டை எடு, நாமளே கேட்டுடலாம்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கிழியத் தொடங்கிய அந்தச் சீட்டை இரண்டு நாள் முன்புதான் பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தார். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"அண்ணா, நம்பர் எங்கே?"

"கடைசி வரியில இருக்குமே."

"கடைசி வரியே இல்லையே! ஓரம்னு நினைச்சு அதையும் சேர்த்து வெட்டித் தள்ளியிருக்கே!"

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற மாஸ்டர், "நெட்டுல தேடினா கிடைச்சுடாதா?" என்றார்.

"அங்கேயும் ஏமாத்துறவனுங்க பொய் நம்பரைப் போட்டு வெச்சிருப்பானுங்க மாஸ்டர். ஆஸ்பத்திரி அச்சடிச்சதுதான் வேணும்."

மேசைக்கு அடியில் வெட்டுத் துண்டுகள் சேரும் சாக்கு இருந்தது. பழைய பேப்பர்காரர் சனிக்கிழமைதான் வருவார். சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு வாரத்துத் துண்டுகள், எல்லாம் விரலகலம், குவிந்து கிடந்தன. அவளும் மாஸ்டரும் ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்கள். மணி பதினொன்றரையைத் தாண்டியது.

"நகருங்க," என்றார் அண்ணன்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கை கையாகத் துண்டுகளை அள்ளி, ஒவ்வொன்றையும் விரலிடையில் நெருடிப் பார்த்து வீசினார்.

"என்ன இது, மந்திரமா?" என்றார் மாஸ்டர்.

"மத்தவங்களுக்கு எல்லாம் மெல்லிசு உறை. என் சீட்டு கிழியவே கூடாதுன்னு தடி உறை போட்டேன். அதுல ஒண்ணே ஒண்ணுதான் வெட்டினேன்."

ஏழாவது கையிலோ எட்டாவது கையிலோ அவர் விரல் நின்றது. "இந்தா."

அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். வரிசையாக எண்கள். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். அழுத்தினாள். எடுத்தது அதே குரல்.

"ஆமாம்மா, நாங்கதான் கூப்பிட்டோம். யாரோ ஒரு அம்மா திட்டிட்டு வெச்சுட்டாங்க."

"திட்டலைங்க. போகட்டும்னு மட்டும்தான் சொன்னேன்."

அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். "நல்லதாப் போச்சு. சரிபார்க்கத்தானே அந்த நம்பரைப் போட்டிருக்கோம்! ஒருத்தரும் பார்க்கிறதில்லை. பிறந்த தேதி சொல்லுங்க, இடம் உங்களுக்குத்தான்."

ஸ்கேனர் அக்கா தேதியை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். மாஸ்டர் துண்டுக் குவியலுக்கு நடுவே எழுந்து நின்று கை தட்டினார்.

முதல் கண் சரியானதும் அண்ணன் கடைக்கு வந்தார். இயந்திரத்துக்கு மேலே சுவரில் அந்தத் துண்டை அவள் ஒட்டி வைத்திருந்தாள். மேசையிலிருந்தபடியே ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்ததும் அருகே போய், துண்டின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"பாப்பா, அன்னிக்கு என் வெட்டைக் குறை சொன்னியே. வெட்டினதைப் பாரு. நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு!"