அப்பாவின் பந்தும் என் புது பிராசஸரும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பொருள் வாங்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால், வாங்கி முடிக்கும்வரை வேறு எதையும் பேச மாட்டேன், பக்கத்தில் இருப்பவரையும் பேச விட மாட்டேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிதில் அப்படித்தான் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர் எய்ட்டி சிக்ஸ் என்கிற பழைய மாடல். ஆபீஸில் எல்லாரும் கார் பந்தய விளையாட்டில் பறந்துகொண்டிருந்தார்கள், அந்த சி.டி.யைப் போட்டாலே என் மெஷின் மூச்சு நின்று உட்கார்ந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் ஓடுமா, ரேம் கூட்டினால் போதுமா என்று டீ குடிக்கும் நேரமெல்லாம் பட்டியல் போட்டேன், கிழித்தேன், மறுபடி போட்டேன்.

உண்மையில் அந்தக் கம்ப்யூட்டரில் என்னைவிட அதிகம் உட்கார்ந்தவர் அப்பா. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் மெஷினில் நின்று வேலை பார்த்தவர். முந்தைய வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் உருண்டையை, "நான் என்ன கைக்கொழந்தயா" என்று அப்பா கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டார். வேறு வழி தெரியாமல் கம்ப்யூட்டரில் இருந்த பந்து விளையாட்டைக் காட்டினேன். மேலே செங்கல் வரிசை, கீழே ஒரு சின்னப் பலகை. இரண்டு விசைகளை அழுத்திப் பலகையை நகர்த்தி, பந்து தவறாமல் தட்டிச் செங்கல்லை உடைக்க வேண்டும். மனுஷர் ஒட்டிக்கொண்டார்.

தினமும் எடுத்த பாயின்டைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதினார். நாற்பது, தொண்ணூறு என்று தொடங்கி, ஆறு மாதத்தில் ஆயிரத்தைத் தொட்டது. டாக்டர் சொல்வதை அவர் அரைகுறையாகத்தான் நம்பினார். காலண்டரை முழுசாக நம்பினார். ஆயிரம் தாண்டிய வாரம் ஸ்பூனை ஒதுக்கிவிட்டு, வலது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் என் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "சார், இந்த கார்டு உங்க பழைய போர்டுல உக்காராது. போர்டு மாத்துனா பிராசஸர் மாத்தணும், ரேம் மாத்தணும். புது போர்டு பழைய கேபினெட்ல நுழையாது. மானிட்டர் மட்டும் வச்சுக்கங்க, மிச்சத்த எக்ஸ்சேஞ்சுல குடுத்துருங்க."

எனக்கு உள்ளூரக் குஷி. பிராசஸரில் மட்டும் இரண்டு வகை இருந்தது. எது வேகம் என்று கேட்டேன்.

"பழைய கேம் எதுனா ஆடுவீங்களா?" என்றார் அவர்.

"வீட்ல அப்பா ஆடுவாரு. சும்மா ஒரு பந்து கேம்."

"அதுக்கென்ன சார், பறக்கும்."

வேகமானதையே வாங்கினேன். பழைய மெஷினைக் கொடுப்பதற்கு முன் அப்பாவின் விளையாட்டை மறக்காமல் ஃப்ளாப்பியில் எடுத்துப் புதிதில் போட்டேன். பொறுப்பான பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவர் பகலில் ஆடுவார், நான் ஆபீஸ் விட்டு வந்ததும் கார் ஓட்டுவேன். மூன்று வாரம் அப்படிச் சொர்க்கமாகப் போயிற்று.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பாவ டாக்டர்கிட்ட ஒருவாட்டி கூட்டிட்டுப் போடா. பக்கவாதம் திரும்ப வருதுன்னு பயப்படுறாரு. மறுபடி ஸ்பூன் கேக்குறாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

அம்மா காலண்டரைக் காட்டினாள். ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நூறு என்று வந்துகொண்டிருந்த கட்டங்கள், நான் புது மெஷின் கொண்டுவந்த மறுநாளிலிருந்து இருபது, பத்து, பத்து, சைபர். அதன் பிறகு எதுவும் எழுதவில்லை.

அந்த விளையாட்டைத் திறந்தேன். பந்து கிளம்பியதே கண்ணில் படவில்லை, அதற்குள் மூன்று ஆட்டத்தில் ஒன்று போயிருந்தது. அந்தக் காலத்தில் எழுதிய விளையாட்டு. பிராசஸர் எவ்வளவு வேகமோ பந்தும் அவ்வளவு வேகம். சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற நான், இதை ஒரே ஒரு முறை திறந்து பார்க்கவில்லை.

அப்பாவை எழுப்பி உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எனக்கு ஆறுதல் சொல்றியா? புது மெஷின் எப்படிடா கெட்டுப்போகும்? எனக்குத்தான் மூளையில மறுபடி அடைச்சிருக்கு."

"அப்ப நான் ஆடுறேன், நீ பாரு."

ஆடினேன். இரண்டு நொடியில் மூன்று ஆட்டமும் போயின. இன்னொரு முறை ஆடச் சொன்னார். போயிற்று. அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து மறுபடி ஆடச் சொன்னார். எனக்கு இருபத்தாறு வயசு, பத்து விரலும் நன்றாக இருக்கின்றன. நான் எடுத்தது சைபர்.

"பாத்தியாடி, இவனாலயும் முடியல," என்று அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழுதார். நோய் வந்த நாளில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பந்தின் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, நாளைக்கே ஆபீஸில் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்:

"ஸ்பீடு மாத்துனா மொதல்ல மெஷின்ல நிக்கறவன்கிட்ட சொல்லணும்டா."