ஒரே முகத்தில் இரண்டு கிடாய்கள்

எதையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு முழுசாகப் பயப்படுகிறவள் நான். போன வருடம் என் மகள் ஏழாம் மாதத்தில் தல்லாகுளத்து வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தக் குணம் தலைக்கு மேல் போயிருந்தது. அவள் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தது, அச்சு அசலாக இருப்பார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கண் பட்டுவிடும் என்று நான் அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. அவளுக்கு ரத்தமோ குறைவு. இப்படியே போனால் பிரசவம் சிக்கலாகிவிடும், மாத்திரையோடு சாப்பாட்டையும் கவனியுங்கள் என்று எச்சரித்திருந்தார்.

எங்கள் பக்கம் ரத்தம் குறைந்தால் சுவரொட்டிதான், அதாவது ஆட்டின் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் சனிக்கிழமை சாயங்காலமே கறிக்கடைக்குப் போய், கட்டியிருக்கும் கிடாயைக் காட்டி, இதனுடையது எனக்கு என்று சொல்லி வைக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு மாணவர்கள். ஒரு ஆட்டின் உடம்பிலிருந்து செல்லை எடுத்து அதே மாதிரி இன்னொரு ஆட்டை உண்டாக்கலாம், அதற்குக் குளோனிங் என்று பெயர் என்றான் ஒருவன். "அந்தக் கறியத் தின்னா என்னடா ஆகும்?" என்றான் மற்றவன். பதில் வருவதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது.

இறங்கி நேராகக் கடைக்குப் போனால், இரண்டு கறுப்புக் கிடாய்கள். இரண்டின் நெற்றியிலும் ஒரே அளவு வெள்ளை.

"பாய், இது ரெண்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கு?"

"ஒரே ஈத்துக் குட்டிகக்கா. வண்டியூர்ப் பக்கம் வாங்குனது."

"நெசமாவா? குளோனிங் கிளோனிங் எதுவும் இல்லையே?"

"அது எந்த ஊரு வியாதிக்கா?"

ஆடு இரட்டை போடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பஸ்ஸில் கேட்ட பேச்சு என்னை விடவில்லை. அப்புறம் வாரேன் என்று வெறும் பையோடு வந்துவிட்டேன். ஞாயிறு மதியம் முருங்கைக்கீரையைப் பரிமாறினேன்.

"சுவரொட்டி எங்கம்மா?"

நடந்ததைச் சொன்னேன். மகள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். தலையில் கை வைத்துச் சிரித்தாள். "குளோனிங் ஆடு நம்ம கடைக்கு எங்கம்மா வருது? வந்தாலும் அது பின்னாடி பொறந்த இரட்டை, அம்புட்டுதான். சோதிச்சவங்க கறியில வித்தியாசம் இல்லைன்னுதான் சொல்றாங்க."

"என்ன இருந்தாலும், ஒரே மாதிரி ரெண்டு உண்டானா அது நல்லதுக்கில்லடி."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "அப்ப ஒண்ணும் ஆகாதுங்கிற?" என்றேன்.

"திங்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அந்தக் குட்டியச் சுமக்குற ஆட்டுக்குத்தான் கஷ்டம். சில நேரம் கரு ரொம்பப் பெருத்துரும். குட்டியும் தங்காது, தாயும் தங்காது."

வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். ஆனால் சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டாள். அவளும் பயந்துபோய்தான் இருந்தாள். அவளுக்காகப் பயப்படுவதிலேயே மும்முரமாக இருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் பயத்தை ஆட்டின் மேல் ஏற்றிவிட்டு, அவளுக்குக் கிடைக்க வேண்டியதையும் தடுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

கையைக் கழுவிவிட்டுக் கடைக்கு ஓடினேன். கழுவிவிட்டுப் பூட்டியிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையே போய்க் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை புதிதாகக் கட்டியிருந்த கிடாய்களின் நெற்றியை நான் பார்க்கவில்லை.

"பாய், நாளைக்கு ரெண்டு சுவரொட்டி வேணும்."

"எம்புட்டுப் பேருக்குக்கா?"

"மூணு பேருக்கு. எம் பொண்ணு வயித்துல இரட்டைப் பிள்ளை."

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.