ஞாயிற்றுக்கிழமைச் சுவரொட்டி

உடலில் இரும்புச்சத்து சேரும் விதத்தைப் பற்றிக் கல்லூரியில் முப்பதாண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கீரையில் உள்ளதை ஏற்க வைட்டமின் சி துணை வேண்டும். எட்டு வயதில் இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி தொடங்காத காலம். பதினாறு வயது அக்கா ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கத்தரியும் கையுமாக மயங்கி விழுந்தாள். வைத்தியர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் இல்லை, ஆட்டுச் சுவரொட்டி கொடுங்கள் என்றார். இன்னொரு முறை விழுந்தால் வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அடுத்தது கல்யாணம்தான். அக்காவுக்கு வேலையை விட மனமில்லை.

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். ஞாயிறுதோறும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போவாள்.

"ஏனுங்க, புள்ளைக்குன்னு சொல்லி வெச்சிருந்தனுங்களே."

"ஊருல அத்தனை பேருக்கும் ரத்தமில்லீனா, ஆடு எத்தனை சுவரொட்டியோட பொறக்குமுங்க?" என்பார் கடைக்காரர். ஆனாலும் இலையில் மடித்து வைத்திருப்பார்.

அம்மா அதைத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தூவி, தட்டில் வைத்து அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவாள். அக்கா ஓரத்தில் சிறிது கிள்ளிக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளுவாள்.

"இந்த வாடை எனக்கு ஆகறதில்ல கண்ணு. நீ தின்னு. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே."

நான் சொல்லவில்லை. அவளை ஒரு தொல்லையிலிருந்து விடுவிக்கிறேன் என்ற பெருமிதத்தோடு தின்றேன். என் கன்னங்கள் சதை பிடித்தன. ஆடியில் அக்கா மறுபடியும் விழுந்தாள். அவளுடைய உடம்புக்குச் சுவரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்தியர் முடிவு செய்தார். தையில் அவளைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

சென்ற ஆண்டு அவளுக்கு மீண்டும் இரத்தக் குறைவு என்றார்கள். அதோடு வேறு நோய்களும் சொன்னார்கள். நான் கறிக்கடைக்காரரைச் செல்போனில் அழைத்து முந்தின நாளே சொல்லி வைத்தேன். சுட்டு எடுத்துப்போனதை ஒரு துணுக்கும் விடாமல் தின்றாள்.

"உனக்குத்தான் இந்த வாடை ஆகாதேக்கா."

"ஆரு சொன்னா?" என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீ தட்டையே பாத்துட்டு நிப்பே" என்றாள்.

மாசியில் அவள் இறந்தாள். அந்தத் தட்டின் விளிம்பு நசுங்கியிருந்தது வரை எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவில்லை.