உறுமும் பியானோவும் என் தங்கச்சி மகளும்

நாற்பத்திரண்டாயிரம். என் தங்கச்சி மகள் எனக்குத் தர வேண்டியிருந்த கடன் அவ்வளவு. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. கேட்ட அன்றைக்கே பெட்டியைத் திறந்து கொடுத்தேன். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பியானோ பழுது பார்த்தே மூன்று மாடி கட்டினேன். கீழே பட்டறை, நடுவில் நாங்கள், மேலே வாடகைக்கு. இந்த ஊரில் என் விரல் படாத பியானோ ஒன்று இருந்தால், அது இன்னும் கடையிலிருந்து வெளியே வராத பியானோ.

அவளுக்கு 'லேட்டு' என்று பெயர் வைத்தவர்கள் அவள் முதலில் பாடப்போன ஓட்டல் பேண்டுக்காரர்கள். நேரத்துக்கு வராதவள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். குரல்தான் பிந்தும். டிரம்காரர் அடி போட்டு, அந்த அடி கரையப்போகிற சமயத்தில் இவள் சொல்லை இறக்குவாள். இருட்டில் மாடிப்படி ஒன்று குறைந்த மாதிரி கேட்கிறவனுக்குத் திக்கென்று இருக்கும். பேண்டு மாஸ்டர் மூன்று மாதம் பொறுத்தார். நாலாம் மாதம், 'உன் சம்பளத்தையும் கொஞ்சம் லேட்டா தரட்டுமா' என்று கேட்டுவிட்டு, தராமலே அனுப்பிவிட்டார்.

அவள் பாடுவதற்கு நியோ-சோல் என்று பெயர். கறுப்பின மக்களின் பழைய உருக்கமான பாட்டு வழியில் வந்தது, மேளம் மட்டும் இந்தக் காலத்தது என்று சொன்னாள். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: அது அவசரமே இல்லாத பாட்டு. பாடுகிறவளுக்கோ காலில் சக்கரம். சோப்பு விளம்பரத்துக்குப் பாடினாள், அடுத்தவர் பாட்டுக்குப் பின்குரல் கொடுத்தாள், பகலில் டெலிபோன் கம்பெனியில் உட்கார்ந்து புகார் கேட்டாள். ஆறு வருஷத்தில் ஒன்பது அறை மாறினாள். அவள் முகவரியை என் தங்கச்சி பென்சிலால்தான் எழுதி வைப்பாள்.

பாட்டெல்லாம் அவளே எழுதுவது. பஸ்ஸில் நின்றுகொண்டு, புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில். 'நீ எழுந்துபோன நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது' என்று ஒரு வரி. ஆள் எப்போது திரும்பி வருவான் என்று கேட்டேன். விளக்கம் கேட்டால் பாட்டு செத்துவிடும் என்றாள்.

அந்த ஒன்பது அறைக்கும் அவளோடு போனது ஒரு பழைய எலெக்ட்ரிக் பியானோ. மூடிப்போன ஒரு பள்ளியிலிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கியது. தூக்க நாலு பேர் வேண்டும். இடது பக்கத்துக் கட்டைகளை அழுத்தினால் தூக்கத்தில் எழுப்பிய நாய் மாதிரி உறுமும். இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று பத்துத் தடவை சொன்னேன். வேண்டாம் என்பாள். மாமாவுக்குச் செலவு வைக்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கடன் வந்தது இப்படி. இசைத்தட்டுக் கம்பெனி அம்மா ஒருத்தி, மாத முடிவுக்குள் ஆறு பாட்டுப் பதிவுசெய்து கொண்டுவந்தால் தட்டு வெளியிடுவதாகவும், பெரிய பாடகர் ஒருவரோடு பன்னிரண்டு ஊருக்கு, அவர் மேடை ஏறுமுன் பாடுகிற முன்பாட்டுக்காரியாக அனுப்புவதாகவும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி இவள் டெலிபோன் வேலையை விட்டுவிட்டாள். ஸ்டுடியோ நாளுக்கு ஒன்பதாயிரம், மூன்று நாள். டிரம்காரருக்கும் பேஸ் கிடார்க்காரருக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம். மூன்று நாள் தவறினால் நாலாவது நாளுக்குக் காசும் இல்லை, திரும்பிப் போக வேலையும் இல்லை.

ஸ்டுடியோ எங்கள் அடுத்த தெரு. அதனால் முந்தின நாள் பியானோவை என் பட்டறையில் இறக்கினார்கள். பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு அவள் ஒத்திகைக்கு ஓடினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது என் கண் முன்னால் இருக்கிறது. என் கை சும்மா இருக்குமா? மூடியைத் திறந்தேன். சுத்தியல் முனையில் இருக்கிற ரப்பரெல்லாம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. எழுபத்து மூன்று கட்டையின் ரப்பரையும் பிடுங்கிப் புதுசு போட்டேன். சுத்தியல் அடிக்கிற எஃகுக் கம்பிக்கு எதிரே ஒலியை வாங்குகிற காந்தங்கள் இருக்கின்றன, அவற்றையும் ஒரே சீராகப் பின்னால் தள்ளினேன். மணி மாதிரி ஆகிவிட்டது. பழைய ரப்பரைக் குப்பை வண்டியில் போட்டேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“மாமா, இத என்ன பண்ணீங்க?”

“சரி பண்ணேன். எழுபத்து மூணும். காசெல்லாம் வேணாம்.”

“அது சரியாத்தான் இருந்துச்சு.”

“உறுமிக்கிட்டு இருந்துச்சும்மா.”

“அந்த உறுமல் மேலதான் ஆறு பாட்டும் எழுதியிருக்கேன். அது உறுமி அடங்குற வரைக்கும் காத்திருந்துதான் நான் வாயைத் திறப்பேன். இப்ப நான் எதுக்குக் காத்திருக்கிறது?”

பேஸ்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. பாட ஆரம்பித்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அடி விழுந்த இடத்திலேயே சொல்லும் விழுந்தது. டிரம்காரருக்குப் பரம சந்தோஷம், லேட்டு இன்றைக்கு நேரம் தவறாத ரயில் மாதிரி வருகிறாள் என்றார். எனக்கே தெரிந்தது, அது சோப்பு விளம்பரம். பதினோரு தடவை பாடினாள். பதினொன்றும் சோப்பு. நடுநடுவே வெளியே போய்த் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள். சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் ஒன்பதாயிரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஐம்பது வருஷமாகக் கோளாறைச் சரிசெய்கிறேன். கோளாறைச் செய்து தரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் என்னால் ஆகாத வேலை இல்லை. விடிந்ததும் ஸ்க்ரூடிரைவரோடு போனேன். அவள் அழுத்த, நான் காந்தத்தை மயிரிழை மயிரிழையாகக் கம்பிக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அவள் தலையை ஆட்ட ஆட்ட, ஒவ்வொரு கட்டையாக. மத்தியானத்துக்குள் இடது பக்கம் முழுக்க உறுமியது. பழைய உறுமல் இல்லை. ரப்பர் புதுசு, மெத்தென்று இருந்ததால் உறுமல் ஆழத்திலிருந்து வந்தது, அடங்கவும் நேரம் எடுத்தது. அவளும் அதற்குத் தக்கபடி காத்திருந்தாள்.

“முன்ன விட லேட்டாகுதேம்மா,” என்றார் டிரம்காரர், பரிதாபமாக.

இரண்டு நாளில் முதல்தடவையாக அவள் சிரித்தாள்.

மீதி ஒன்றரை நாளில் ஐந்து பாட்டு. ஆறாவதற்கு இருபது நிமிஷம்தான் மிச்சம், பியானோவையும் டிரம்மையும் சேர்த்துப் பார்க்கக்கூட நேரமில்லை. நின்றுகொண்டே பேஸ் கிடாரோடு மட்டும் நாற்காலிப் பாட்டைப் பாடினாள். இன்றைக்கு டீக்கடையில் போடுகிறார்களே, அதுதான். நேரம் போதாமல் பிறந்த பாட்டு என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். தட்டு வந்தது, பன்னிரண்டு ஊருக்கும் போனாள். என் காசில் வந்த தட்டு என்று தெருவெல்லாம் சொன்னேன். முதல் நாள் நடந்ததை மட்டும் என் சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வருஷமும் இரண்டு மாதமும் கழித்து ஒரு காலையில் வந்தாள். பத்தாவது அறைக்கு மாறப்போகிறாளாம். தோள் பையை இறக்கவில்லை, நாற்காலியில் உட்காரவில்லை.

“கைய நீட்டுங்க மாமா.”

ஆயிரம் ஆயிரமாக வைத்தாள். ஒரு தாள் வைப்பாள், கொஞ்சம் நிற்பாள், அப்புறம் அடுத்தது. காசு எண்ணுவதிலும் அதே லேட்டு. என் சம்சாரம் கதவோரம் நின்று அவளுக்கு ஒரு தாள் முன்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்து மூன்றாவது தாள் விழுந்தது. கதவோரத்தில் 'முப்பத்தி நாலு' என்று கேட்டது. நான் கையை நீட்டியபடி காத்திருந்தேன். இது கொஞ்சம் நீளமான லேட்டு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் கையில் இன்னும் ஒன்பது தாள் இருந்தது. அதை மடித்துப் பையில் போட்டாள்.

“ஸ்டுடியோவுக்கு முதல் நாள் வாடகை மாமா.”

சம்சாரம் என் முகத்தைப் பார்த்தாள். என் பில்லில் ஒரு காசு குறைத்தவர் இந்த ஊரில் கிடையாது.

“கணக்கு சரிதான்,” என்று சொல்லி, முப்பத்து மூன்று தாளோடு கையை மூடினேன்.