கடைசி சைக்கிள்

மலைப்பாதையில் ஆட்களைச் சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போகிற தொழிலில் முன்னால் போகிறவருக்குப் பேர் கிடைக்கும், பின்னால் வருகிறவருக்குத் திட்டு கிடைக்கும். நான் பின்னால் வருகிறவள்.

அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணை நம்பித்தான் இப்ராஹிம் பாய் என்னைச் சேர்த்துக்கொண்டார். கோயமுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஞாயிறு காலையில், ஆனைமலைச் சரிவில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள், உரிமையாளர் அனுமதியோடு ஆட்களைக் கூட்டிப்போவோம். பாய் முதல் சைக்கிள், நான் கடைசி. நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர், கல், வேர், சறுக்கு மண். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போய், திரும்பும்போது ஒரு தலை குறைகிறதே என்று திரும்பத் திரும்ப எண்ணியவர்கள் உங்களில் இருப்பார்கள். நீங்களும் நானும் ஒரே கட்சி.

கோழிக்கணக்கு

தலைகளை மூன்று இடத்தில் எண்ணுவோம். மேலே கேட்டில், பாதி வழியில் ஓடைப் பாலத்தில், கீழே மாட்டுத்தொட்டியில். ஒருமுறை பாலத்தில் பன்னிரண்டுக்குப் பதினொன்றுதான் தேறியது. மூச்சிரைக்க மேலே மிதித்துப் போய்ப் பார்த்தால், பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஒதுங்கப் போனவர், மிளகுக்கொடி மறைவிலிருந்து சாவகாசமாக வந்துகொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் தோட்டத்துக் குரங்குகள் எல்லாம் மரம் மாறின. அவர் கோபப்படவில்லை. கீழே போய்ச் சேரும்வரை யோசித்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க, எங்க பண்ணையில கோழியைக்கூட இத்தனை வாட்டி எண்ண மாட்டோமுங்க!”

ரத்தம் குடித்த காலுறை

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு குணம். தங்களால் அடுத்தவருக்கு ஒரு நிமிஷம் தாமதமாகிவிடக் கூடாது. கோபியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்திருந்தார். பாலத்தருகே சாய்ந்து விழுந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். சிரித்தார், “ஒண்ணுமில்லீங்க” என்றார், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். கீழே போய்த்தான் பார்த்தேன், முழங்கால் கிழிந்து ரத்தம் காலுறையெல்லாம் ஊறியிருந்தது. அந்தக் காலோடு மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு வந்த பதிலை ரொம்ப நாள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாடமாக எடுத்துக்கொள்ளாமல் போனது என் புத்தி.

“எனக்கோசரம் அத்தனை பேரும் நிக்கோணுமுங்களா?”

இடது கை

நம் ஊர் சைக்கிளில் வலது கைதான் முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வரும் மலைச் சைக்கிள்களில் அது இடது கையில் இருக்கும். பழக்கத்தில் இடது கையை அழுத்தினால், பின் சக்கரத்துக்குப் பதில் முன் சக்கரம் சட்டென்று நிற்கும். இறக்கத்தில் ஆள் கைப்பிடி மேலே போய் விழுவார். அதனால் பாய் தன் சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் பிரேக்கை மாற்றிவைத்திருந்தார். காங்கேயத்தில் எண்ணெய் ஆட்டும் மில் வைத்திருக்கும் சென்னியப்பன் ஐயா, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சைக்கிளோடு வந்தார். வயது ஐம்பத்தெட்டு. எங்கள் சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். “பழகிட்டேனுங்க” என்றார். காங்கேயத்துச் சமதள ரோட்டில் பழகியிருக்கிறார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

பாலத்துக்கு மேலே கடைசி இறக்கத்தில், என் கண் முன்னால், இடது கையை அழுத்தினார். கைப்பிடியின் முனை வயிற்றில் குத்த, குப்புற விழுந்தார். நான் போவதற்குள் எழுந்து நின்று மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் இல்லை, முகத்தில் சிரிப்பு வேறு. அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து பாயின் விசில் இரண்டு முறை கேட்டது. யாருக்கோ சைக்கிள் பழுது, வா என்று அர்த்தம். செயின் மாட்டுகிற சாமான் பை எப்போதும் என் முதுகில்தான் இருக்கும். கடைசி சைக்கிள் யாரையும் தாண்டிப் போகக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. நான் தயங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

“ஒண்ணுமில்லீங்க அம்மணி. நீங்க போங்க, நா பொறகாலயே வாரேனுங்க.”

சில்வர் ஓக் மரத்தடி

போனேன். செயினை மாட்டினேன். பாலத்தில் எண்ணினேன், ஒரு தலை குறைந்தது. செயின் அறுந்து யாரும் செத்துப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஓடினேன்.

சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. யாருக்கும் கால் தட்டிவிடக் கூடாதென்று அந்த நிலையிலும் சைக்கிளைப் பாதையை விட்டு ஓரமாகப் படுக்க வைத்திருந்தார். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்று பிறகு டாக்டர்தான் சொன்னார். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. என் விசில் கேட்டுப் பாய் தோட்டத்து ஜீப்பைக் கொண்டுவந்தார். குலுங்கும்போதெல்லாம் ஐயாவின் பல் கடிபடும் சத்தம் கேட்டது. நான் அழுவதைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்:

“உங்களுக்குத்தானுங்க வீண் செரமம்.”

ஆஸ்பத்திரி வராந்தா

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மண்ணீரலை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் மரத்தடியில் இருந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வராந்தாவில் அவருடைய மனைவி சரசுவதி அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். விதி, விசில், பை. ஐயாதான் என்னைப் போகச் சொன்னார் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். எனக்கே கேவலமாக இருந்தது. அந்த அம்மா கத்தவில்லை, மரியாதையும் குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“அவரு போங்கன்னுதானுங்க சொல்லுவாரு. நீங்க போலாமுங்களா?”

ராஜினாமா

மறுநாள் சாமான் பையைப் பாய் கடையில் கொண்டுபோய் வைத்தேன். திருப்பூருக்கே போகிறேன், துணி தன் கிழிசலை மறைக்காது என்றேன். பாய் ஒரு சக்கரத்தின் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். விசில் அடித்தது அவர், வெளிநாட்டு பிரேக்கோடு மேலே ஏற விட்டதும் அவர். அவரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

“போறதுன்னா போம்மா. இனிமே கடைசியா யாரு வர்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

ஒத்திகை

போகவில்லை. ஆனால் கேட்டில் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தேன். சைக்கிளில் ஏறும் முன் ஒவ்வொருவரும் எல்லார் முன்னாலும் சத்தமாக, “எனக்கு முடியலை, நில்லுங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குச் சைக்கிள் இல்லை. நம்ப மாட்டீர்கள், பாறையில் இறங்கப் பயப்படாதவர்களுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. நெளிவார்கள், சிரிப்பார்கள், பக்கத்திலிருப்பவரைத் தள்ளிவிடுவார்கள். விழுந்தவர் யாராக இருந்தாலும், வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கால் மணி நேரம் கூடவே உட்காருகிறேன். எத்தனை விசில் கேட்டாலும் சரி.

அடுத்த வருஷம், டாக்டர் சம்மதத்தோடு, சென்னியப்பன் ஐயா வந்தார். சரசுவதி அம்மாவும் வந்து, கீழே மாட்டுத்தொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயாவுக்கு இந்த முறை பாயின் சைக்கிள். கேட்டில் ஒத்திகையின்போது அவர் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார். ஒருத்தர் காதிலும் விழுந்திருக்காது. அவரை மறுபடி சொல்லச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

பழைய இடம் வருவதற்கு முன்பே, ஒரு மேட்டில், அவர் சைக்கிள் தடுமாறியது. நின்றார். காலை ஊன்றினார். முன்னால் போகிற ஒன்பது பேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதுமடல் சிவந்துபோயிருந்தது. பிறகு, கீழே பாலம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

“ஏனுங் அம்மணி, எனக்கு முடியலீங்க! எல்லாரும் நில்லுங்க!”

எல்லாரும் நின்றார்கள், நான் அழுதேன். இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று, ஒரு மனுஷர் என் முகத்தைப் பார்த்து முடியவில்லை என்று சொன்னதுதான்.